எல்லா வீட்டிலும் நீ

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முழு நலம் என்றால் நீ நம்பமாட்டாய். முக்கால் நலம் என்று வைத்துக்கொள். மீதிக் கால் என் வலது கால்தான். மூட்டு இன்னும் மடக்கினால் நீட்ட வரவில்லை, நீட்டினால் மடக்க வரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். தினமும் காலையில் 'சாப்பிட்டீங்களா' என்று நீ அனுப்புகிறாய், 'ஆச்சு' என்று நான் அனுப்புகிறேன். எட்டு மாதமாக இதே இரண்டு சொல்தான். வேறு யாராவது எடுத்துப் பார்த்தால், நம்மைச் சாப்பாட்டுக் கடைக்காரியும் வாடிக்கைக்காரனும் என்றுதான் நினைப்பார்கள். அதனால்தான் இந்தத் தாள். உன் கம்பெனி ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். மேக்கப் போடும் அக்கா கையில் கிடைத்தால் உன்னிடம் பத்திரமாக வந்து சேரும் என்று நம்புகிறேன்.

வீட்டுச் செய்தி: சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது. பால்கனித் தொட்டியில் நீ வைத்த செடி, நான் தண்ணீர் விட்டபோது வாடியது. கோபித்துக்கொண்டு விட்டுவிட்டேன், இப்போது துளிர்க்கிறது. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. முட்டையை வேக வைக்க, பொரிக்க, உடைத்து ஊற்ற என்று மூன்று வகையாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். நாலாவது வகை இருந்தால் எழுது. எதிர் வீட்டு டீச்சர் உன் கையெழுத்துப் போட்ட போட்டோ ஆறு வேண்டும் என்கிறார். எதற்கு ஆறு என்றேன். "சொந்தக்காரங்க நம்ப மாட்டேங்கறாங்க சார், நீங்களாவது வாங்கிக் குடுங்க" என்றார். நானே உன்னைப் பார்த்து எட்டு மாதமாகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி என்று தலையாட்டி வைத்தேன்.

வேலை வழக்கம்போலத்தான். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஊரில் மழை வந்தால் கொண்டாட்டம், வெயில் வந்தால் ஓய்வு. இந்த வாரம் மழை. பதினோரு வீட்டுக்குப் போனேன். ஏழு வீட்டில் நீ இருந்தாய்.

ஆமாம், டிவியில்தான். ஒரு வீட்டில் ரயில் ஏறுகிற மகனுக்கு ஜன்னல் வழியே பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாய். இன்னொரு வீட்டில் மருமகளைக் கன்னத்தில் அறைந்தாய். அறைந்த கை நடுங்கியது. நடிப்பு என்று அந்த வீட்டார் மெச்சினார்கள். எனக்குத் தெரியும், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் உனக்கு அப்படித்தான் நடுங்கும். மூன்றாவது வீட்டில் செத்துப்போனாய். அந்த வீட்டுக்காரர் பனியனோடு சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெஷின்ல என்னதான் கோளாறு?" என்று கேட்டார். அழாதீங்க சார், இன்னிக்குக் காலையில ஏழரை மணிக்குக்கூட சாப்பிட்டீங்களான்னு கேட்டு மெசேஜ் அனுப்பினா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன்.

உன் கணவன் நான் என்று வேலைக்குப் போகிற வீட்டில் சொல்வதில்லை. பெருமை இல்லாமல் இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க?"

நேற்று பள்ளிக்கூடத்து வழியாக வந்தேன். நீ இருபது வருஷம் உட்கார்ந்த ஆபீஸ் ஜன்னல் கம்பியில் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில்தானே எல்லாம் ஆரம்பித்தது. படப்பிடிப்புக்குப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் மரத்தடியில் குப்பை போட்டார்கள் என்று நீ வெளியே வந்து அந்த டைரக்டரையே ஆள் தெரியாமல் நாலு வார்த்தை கேட்டாய். அந்த மனிதர், "அம்மா, இதையே கேமரா முன்னாடி திட்டுவீங்களா?" என்று கேட்டாராம். அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னபோது நான் எப்படிச் சிரித்தேன். "நாற்பத்தாறு வயசுல நடிகையா? எனக்கு வசனம் எழுதித் தரச் சொல்லு, அப்பவாவது நான் உன்கிட்ட பேச முடியுதான்னு பார்க்கறேன்" என்றேன். நீயும் சிரித்தாய். ஆறு வருஷத்தில் முப்பத்து நாலு படம். கதாநாயகர்கள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், அத்தனை பேருக்கும் அம்மா நீ ஒருத்திதான்.

எழுத வேண்டியதை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முதல் நாள் நான் சொன்ன வார்த்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் ஆகிவிட்டது, இன்னும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்க வைத்தால் குடை கேள், கூச்சப்படாதே.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்
(வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், அதனால் பட்டம் பொருத்தம்தான்)

*

சனிக்கிழமை

அன்புள்ள உனக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. பதில் இல்லை. பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இந்த வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

வியாழக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று போன் செய்திருந்தார் அந்த அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், பாங்க்கில் வேலை, அன்று லீவு போட்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் வடியவில்லை என்றால் பெரும்பாலும் அடியில் இருக்கிற பில்டரில்தான் அடைப்பு. அதைத் திருகினேன். அழுக்குத் தண்ணீரோடு பஞ்சு வந்தது, இரண்டு பொத்தான் வந்தது, கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை டைனோசர் வந்தது. பிளாஸ்டிக் பொம்மை. வாலில் பல் பதிந்த தடம்.

என் வாய் சும்மா இருக்குமா? குழாயில் கழுவி நீட்டி, "டைனோசர் எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு யாரும்மா சொன்னது? உங்க வீட்டுல ஒளிஞ்சிருக்கு பாருங்க" என்றேன்.

அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். ஆறு வயதுப் பையன், முன்பல் இல்லாமல் சிரிக்கிறான். "ரெண்டு வருஷமா தேடினேன். அவன் சட்டைப் பையில வச்சு அனுப்பணும்னு அன்னிக்கு வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவே இல்ல" என்றார். பிறகு அவராகவே பேசினார். நான் ஸ்குரு டிரைவரைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பையன் போனபோது அவருக்கு அழுகையே வரவில்லையாம். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாராம், யார் யாருக்கு டீ வேண்டும் என்று கேட்டாராம். கல் மனசு என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்களாம். "போன வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போனோம் சார். அதுல அம்மாவா வர்றவங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு சத்தம் போடுவாங்க. அழுகைன்னு சொல்ல முடியாது. என்னமோ ஒரு சத்தம். அதைக் கேட்டதும் நானும் அதே மாதிரி கத்திட்டேன், தியேட்டர்லயே. பக்கத்து சீட்டுல யாரோ ஒருத்தங்க, முகம்கூடத் தெரியாது, படம் முடியற வரைக்கும் என் கையை விடவே இல்ல. அன்னிக்கு அழ ஆரம்பிச்சதுலதான் சார் நான் பிழைச்சேன். அந்தம்மா எங்க இருக்காங்களோ, நல்லா இருக்கணும்."

பில்டரை மாட்டினேன், தண்ணீர் வடிகிறதா என்று பார்த்தேன், படியிறங்கினேன். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று மேலே போனவர்களிடம் சொன்னேன்.

இப்போது என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் வந்த வாரம் நீ போன் செய்து, "பார்த்தீங்களா?" என்று கேட்டாய். வேலை இருந்தது, போகவில்லை என்றேன். போயிருந்தேன். முதல் நாளே, பகல் காட்சிக்கு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம் மட்டும் அது என் மனைவி நடித்த படம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இடைவேளைக்கு அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நீ சத்தம் போட்டாய். அந்தச் சத்தத்தை நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். உலகத்தில் நான் ஒருவன்தான் கேட்டிருக்கிறேன் என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முந்நூறு பேர் நடுவில் அதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறாமல் வீடு வரை நடந்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நீ மூன்று நாள் லீவில் வந்தாய். எதிர் வீட்டு டீச்சர் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் போனதும் நான் சொன்னேன்: "நம்ம பொண்ணை வித்துட்டியே."

எழுதிவிட்டேன். கை கூசுகிறது. சொல்லும்போது வாய் கூசவில்லையே என்று நீ கேட்கலாம். கேள். நீ அன்று ஒன்றும் கேட்கவில்லை. மடித்து வைத்த துணியை எல்லாம் பெட்டியில் வைத்தாய், மறுநாள் விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய். வாசல் வரைக்கும்கூட நான் வரவில்லை.

நேற்று மத்தியானம் வேலையை விட்டுவிட்டு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அந்தப் படத்தை முழுவதும் பார்த்தேன். நான் எழுந்து போன இடத்துக்கு அப்புறம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. படத்தில் வருகிற அம்மா உள்ளே போய், படுத்திருக்கிற பிள்ளையின் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விடுகிறாள். குளிரப்போகிறதே என்கிற மாதிரி. அவ்வளவுதான். அதையும் நீ அன்று நம் பெண்ணுக்குச் செய்தாய். எனக்கு அது மறந்தே போயிருந்தது. மறந்துபோனதை நீதான் பத்திரமாக வைத்திருந்தாய். வைத்திருந்தவளைப் பார்த்து, விற்றுவிட்டாய் என்றேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அப்படி முடிகிற விஷயம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

உன்

*

திங்கட்கிழமை

என் அன்புக்கு,

இந்தக் கடிதத்தை மேக்கப் போட்ட பிறகு படிக்காதே. வேலை முடிந்து, அறைக்கு வந்து, உட்கார்ந்து படி.

போன கடிதம் போட்டு ஒரு வாரத்தில் உன் பதில் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கும்போதே உன் எழுத்து என்று தெரிந்தது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய எழுத்து, அட்டவணைக்குள் அடங்கியே நிற்கிறது. நாலு தடவை படித்துவிட்டேன். நீ கோபித்து எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ விளக்கம் எழுதியிருக்கிறாய்.

ஒத்திகையில் அப்படி வரவில்லை, கேமரா ஓடினதும் வாய் திறந்தது, அதுதான் வந்தது, டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நின்றார் என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு டேக் எடுங்கள், இது வேண்டாம் என்று நீ கெஞ்சினாயாம். எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே எழுதியிருப்பதைத்தான் நான் பார்த்துப் பார்த்துப் படிக்கிறேன். "நம்ம வீட்டுல அவ பேரைச் சொல்ல இடமில்லாமப் போச்சுங்க. ஒரு வாரத்துல அவ துணியெல்லாம் குடுத்துட்டீங்க. போட்டோவை எடுத்து உள்ள வச்சீங்க. நான் ஆரம்பிச்சாலே நீங்க எழுந்து வெளிய போயிடுவீங்க. நான் விக்கலைங்க. அழறதுக்கு எனக்கு ஒரு இடம் கிடைச்சுது. அது வேற வீடா இருந்துச்சு, வேற பிள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான்."

ஆமாம். எழுந்து வெளியே போயிருக்கிறேன். பதினாறு வருஷமாக.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். 'மிளகு' என்று அவள் செல்லப் பெயரை எழுதிக் கேட்டிருக்கிறாய். அந்தப் பெயரைத் தாளில் பார்த்ததும், நாம் ஏன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம் என்பது ஞாபகம் வந்தது. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள், கோபம் வந்தால் அத்தனை காரமாக இருந்தாள். பதினோரு வயதிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸையே, "மெதுவா போடத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டவள்.

கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். நான் அங்கே இல்லையே, நீங்கள்தானே இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். இதை நீ பதினாறு வருஷத்தில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் ஒன்றும் சொல்லவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். தூங்கினது நிஜம். ஒன்றும் சொல்லவில்லை என்றது பொய்.

காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாவது நாள் காலை. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நீ அத்தனை நாளும் அதே புடவையில் இருந்தாய். நான்தான், "வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு, அவளுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வா, நான் இருக்கேன்ல" என்று உன்னை அனுப்பினேன். நீ போக மனமில்லாமல் கதவருகே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் கையை ஆட்டி விரட்டினேன். இதை நீ மறந்திருக்கலாம். எனக்கு அந்தக் கைதான் இன்னும் உறுத்துகிறது.

நீ போய் முக்கால் மணி நேரம் ஆனதும் அவள் கண்ணைத் திறந்தாள். "அம்மா எங்கப்பா?" என்றாள். வந்துகிட்டே இருக்கா, மஞ்சள் கவுன் எடுத்துட்டு வர்றா என்றேன். "அதுல கைப் பக்கம் பிரிஞ்சிருக்கு. அம்மா தைக்கிறேன்னு சொல்லிட்டே இருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். எனக்குத் தூக்கம் வருது என்றாள். தூங்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா வந்ததும் எழுப்புங்கப்பா" என்றாள்.

அவ்வளவுதான். அப்புறம் தூங்கினாள். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிய எவ்வளவு நேரமாயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. நர்ஸ் வந்தார், டாக்டர் வந்தார். கடைசியில் நீ வந்தாய். கையில் அந்த மஞ்சள் கவுன். கைப் பக்கம் தைத்திருந்தாய். அதற்காகத்தான் தாமதம் என்று எனக்குப் பார்த்ததுமே புரிந்தது.

இதை நான் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அவள் உன்னைக் கேட்டாள் என்று சொன்னால், ஒரு தையலுக்காக உட்கார்ந்த அந்தப் பத்து நிமிஷத்தை நீ ஆயுள் முழுக்கச் சுமப்பாய் என்று பயந்தேன். சொல்லாமல் இருப்பதுதான் உனக்குச் செய்கிற நல்லது என்று நினைத்தேன். ஒரு வாக்கியத்தை மறைக்க ஆரம்பித்தவன், அது வெளியே வந்துவிடுமோ என்று அவள் பெயரை மறைத்தேன், துணியை, போட்டோவை மறைத்தேன், கடைசியில் உன் கண்ணைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டேன். நீ போய் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் அம்மாவாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

நீ தைத்து எடுத்து வந்தது சரி. அவள் வெறும் கையோடு வா என்று சொல்லவில்லை. நீ வருவாய் என்ற நிம்மதியில்தான் தூங்கினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எனக்குத் தெரியும். முகத்தில் பயம் இல்லை. இதை மட்டும் நீ என் சொல்லாக எடுத்துக்கொள். இதில் பொய் இல்லை.

உள்ளே வைத்த போட்டோவை நேற்று எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து, முன்பு இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டேன். எதிர் வீட்டு டீச்சர் வந்தார், யார் சார் இந்தப் பாப்பா என்றார். பத்து வருஷமாக எதிர் வீட்டில் இருக்கிறவர் கேட்கிறார். என் பொண்ணு என்றேன். உட்காருங்கள் என்று சொல்லி அவளைப் பற்றிச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். கண்ணீர் விட்டபடி கேட்டார், நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். எழுந்து வெளியே போகவேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

உன் படப்பிடிப்பு மாதக் கடைசி வரை மலைப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். நான் வேலை செய்கிற ரிப்பேர் பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினால் மாலை நாலு மணிக்கு அங்கே வந்துவிடலாம் என்கிறார்கள். நீ வேலையில் இருந்தால் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் என்னைத் தெரியாது, தொந்தரவு இருக்காது. நீ வீட்டுக்குத் திரும்பி வா என்று கேட்க நான் வரவில்லை. அதை நீதான் முடிவு செய்ய வேண்டும், அவசரமே இல்லை.

அந்த எட்டு நாளும் உனக்குக் கண் அசந்த நேரமெல்லாம் அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். உன்னைக் கேலி செய்தாள், பெரியவளானால் என்ன ஆகப்போகிறாள் என்று ஒரு பட்டியல் சொன்னாள், ஒரு பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடினாள். எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒரு சொல்கூடக் கீழே விழாமல் வைத்திருக்கிறேன். உன்னிடம் கொடுக்காமல் தனியாக வைத்துக்கொண்டு என்னால் இனி முடியாது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

மிளகின் அப்பா